நிர்வாகவியல் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் நிர்வாகவியல் துறையில் பிஎச்டி செய்கிறவர்களோடும், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்கிறவர்களோடும் பழகுவது என் வேலையின் பெரும்பகுதி. ஆய்வு முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டரல் கமிட்டியின் (டிசி) மீட்டிங் முடிந்து வராந்தாவில் நிற்கும்போதும், பயிலரங்குகளின் டீ இடைவேளையிலும், இரவு வாட்ஸப்பிலும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். முதல்முறை அனுப்புகிறவர்கள் வரிசையாகப் படியுங்கள். ரிவிஷன் கையில் இருப்பவர்கள் நேராகக் கீழே போகலாம்.

"பிஎச்டி முடிக்கப் பேப்பர் கட்டாயமா இல்லையா மேடம்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2016 விதிமுறைப்படி, தீசிஸ் கொடுக்கும் முன் ரிவ்யூ உள்ள, அதாவது துறை வல்லுநர்கள் படித்து மதிப்பிட்ட பிறகே வெளியிடும், ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகள் வாசித்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒருவர் பழையதைச் சொல்கிறார், இன்னொருவர் புதியதைச் சொல்கிறார். குழப்பம் அங்கேதான்.

யுஜிசி விட்டாலும் பல்கலைக்கழகம் விட வேண்டுமே. கூடுதல் நிபந்தனை வைக்க ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இடமுண்டு. எத்தனை கட்டுரை, எந்தப் பட்டியலில் உள்ள இதழ் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் பதிவு செய்த தேதியில் உங்களுக்குப் பொருந்தும் விதி எது என்று ஆய்வு மையத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னார் என்று முடிவெடுக்க வேண்டாம். அவர் பதிவு செய்த ஆண்டு வேறு.

"தீசிஸ்ல ஒரு சாப்டரை அப்படியே எடுத்து அனுப்பிடலாமா?"

கூடாது. நிராகரிக்கப்படும் கட்டுரைகளில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். தீசிஸ் உங்களை மதிப்பிடப் போகிறவர்களுக்காக எழுதப்படுவது. துறையில் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று காட்டுவதும் அதன் வேலை. ஆய்விதழைப் படிக்கிறவருக்கு அது வேண்டாம். ஒரு கேள்வி, அதற்கு நீங்கள் கண்ட பதில், அந்தப் பதிலை நம்புவதற்கான ஆதாரம் ஆகிய மூன்றும் அவருக்குப் போதும்.

ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "ஐடி துறையில் ஊழியர் ஈடுபாடு பற்றியது" என்றால் அது தலைப்பு. "ஓஎம்ஆர் கம்பெனிகளில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களின் ஈடுபாட்டைச் சம்பளத்தைவிட டீம் லீடரோடு நடக்கும் பேச்சு அதிகம் தீர்மானிக்கிறது" என்றால் அது கண்டுபிடிப்பு. அப்படி ஒரு வாக்கியம் கிடைக்கும் வரை எழுத உட்காராதீர்கள். கிடைத்துவிட்டால், சாப்டரில் பாதிக்கு மேல் தானாகவே கழன்றுவிடும். அந்த வாக்கியத்துக்கு வேலை செய்யாத பத்தி, அட்டவணை, மேற்கோள் எதுவும் கட்டுரைக்குள் வர வேண்டியதில்லை.

"எந்த ஜர்னலுக்கு அனுப்புறது? ஏதாவது லிஸ்ட் இருந்தா கொடுங்களேன்."

பட்டியலுக்கு முன்னால் உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். எந்த இதழின் கட்டுரைகளை நீங்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறீர்களோ, உங்கள் கேள்வியைப் பற்றிய பேச்சு அங்கேதான் நடக்கிறது. அந்த இதழின் கடைசி இரண்டு மூன்று ஆண்டு இதழ்களைத் திறந்து, உங்கள் பொருளில் என்ன வந்திருக்கிறது, எந்த முறையில் ஆய்வு செய்திருக்கிறார்கள், எவ்வளவு நீளம் என்று பாருங்கள். இதழை முடிவு செய்துவிட்டு எழுதுவதுதான் சரியான வரிசை. எழுதி முடித்துவிட்டு இதழ் தேடினால் மறுபடி எழுத வேண்டி வரும்.

இந்தியாவிலேயே நல்ல இதழ்கள் இருக்கின்றன. அகமதாபாத் ஐஐஎம் 1976 முதல் நடத்தும் விகல்பா, பெங்களூரு ஐஐஎம்மின் ஐஐஎம்பி மேனேஜ்மென்ட் ரிவ்யூ, கொல்கத்தா ஐஐஎம்மின் டெசிஷன், டெல்லி ஐஎம்ஐயின் குளோபல் பிசினஸ் ரிவ்யூ ஆகியவற்றை முதலில் புரட்டிப் பாருங்கள். தொழிலாளர் உறவு பற்றியது என்றால் ஸ்ரீராம் சென்டரின் இண்டியன் ஜர்னல் ஆஃப் இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் இருக்கிறது. நிர்வாகவியலும் வளர்ச்சிப் பொருளியலும் சேரும் பொருள் என்றால் நம் அடையாறிலேயே சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் (எம்ஐடிஎஸ்) நடத்தும் ரிவ்யூ ஆஃப் டெவலப்மென்ட் அண்ட் சேஞ்ச் இருக்கிறது.

தரப் பட்டியல்களில் பி-ஸ்கூல்கள் அதிகம் பார்ப்பது ஆஸ்திரேலிய வணிகக் கல்லூரித் தலைவர்களின் அமைப்பான ஏபிடிசியின் இதழ்ப் பட்டியல். ஏ ஸ்டார், ஏ, பி, சி என்று நான்கு தரம். ஏற்கத்தக்க இதழ்கள் என்று யுஜிசி 2019ல் தொடங்கிய கேர் பட்டியலை இன்னமும் தேடுகிறார்கள். அதை நிறுத்திவிட்டதாக 2025 பிப்ரவரியில் யுஜிசி அறிவித்துவிட்டது. இதழைத் தேர்வு செய்யும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டு, பார்க்க வேண்டிய அளவுகோல்களை மட்டும் தந்திருக்கிறது.

"ஸ்கோபஸ் இண்டெக்ஸ்டுன்னு அவங்க வெப்சைட்லயே போட்டிருக்காங்களே?"

இதழின் இணையதளம் சொல்வதை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களையும் கட்டுரைகளையும் தொகுத்துத் தரும் தரவுத்தளம். அதன் சோர்சஸ் பக்கத்தைப் பார்க்கச் சந்தா தேவையில்லை. இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் போட்டுத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சேர்ப்பது நிறுத்தப்பட்டிருந்தால் அங்கேயே குறிப்பு இருக்கும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே வைத்துப் போலித் தளம் நடத்துகிறார்கள். கூகுளில் முதலில் வரும் தளம் போலியாகவும் இருக்கலாம். அதனால் ஸ்கோபஸ் பக்கத்திலிருந்தோ பதிப்பகத்தின் தளத்திலிருந்தோ இதழுக்குப் போங்கள். திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளம் இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றைப் பராமரிக்கிறது, அதிலும் ஒருமுறை தேடுங்கள். ஐஎஸ்எஸ்என் இருப்பதைத் தரச் சான்றாக நினைக்க வேண்டாம். அது வெறும் அடையாள எண்.

"வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் ஐம்பதாயிரத்துக்கு கேரண்டி ஸ்கோபஸ் பேப்பர்ங்கறார். என் ஃப்ரெண்டுக்குப் பண்ணிக் கொடுத்திருக்கார். பண்ணலாமா?"

வேண்டாம். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் வேண்டாம். ரிவ்யூ என்று ஒன்று நடந்தால் யாராலும் உத்தரவாதம் தர முடியாது. உத்தரவாதம் தருகிறார் என்றாலே ரிவ்யூ நடக்கவில்லை, அல்லது அவரே போலி ரிவ்யூவரை ஏற்பாடு செய்கிறார் என்று அர்த்தம். சிலர் உங்கள் கட்டுரையைக்கூடக் கேட்பதில்லை. எழுதியும் தருகிறார்கள், ஆசிரியர் வரிசையில் முதலிடம், இரண்டாமிடம் என்று இடத்தையும் விற்கிறார்கள்.

"வெளியாகிவிட்டதே, இனி என்ன?" என்று நினைக்க வேண்டாம். வைலி நிறுவனம் 2021ல் வாங்கிய ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023ல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சிறப்பிதழ்கள் வழியே போலி ரிவ்யூவும் கட்டுரை விற்பனையும் புகுந்ததே காரணம். திரும்பப் பெற்ற கட்டுரை அழிந்துவிடுவதில்லை. உங்கள் பெயரோடு, குறுக்கே அந்த முத்திரையோடு நிரந்தரமாக இணையத்தில் நிற்கும். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் தேர்வுக் குழுவில் யாராவது ஒருவர் உங்கள் பெயரைத் தட்டிப் பார்ப்பார்.

பணம் போவதைவிட எனக்கு வருத்தம் வேறு. பகலில் வகுப்பு, இரவில் வீட்டு வேலை எல்லாம் முடித்து, அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் கம்பெனி வாசலில் காத்திருந்து தரவு சேகரித்தவர்கள் நீங்கள். அந்த உழைப்பு ஒரு தரகர் கையில் போய்ச் சேரக் கூடாது.

"அப்ப பணம் கேக்குற ஜர்னல் எல்லாமே ஃபேக்தானா?"

அப்படி இல்லை. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு வெளியீட்டுக் கட்டணம் கேட்பது உலக வழக்கம். கட்டணம் எவ்வளவு என்று முன்பே தளத்தில் போட்டிருப்பார்கள், ரிவ்யூ முடிந்த பிறகே கேட்பார்கள். சந்தா இதழ்கள் பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை. திறந்த அணுக்கம் வேண்டுமென்றால் மட்டுமே பணம் என்று ஒரு தேர்வு தருவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லலாம். மாணவர் பணம் கட்டி வெளியிட வேண்டிய அவசியம் நிர்வாகவியலில் அநேகமாக இல்லை.

"எங்க காலேஜ்ல டேட்டாபேஸே கிடையாது. கட்டுரைகளை எப்படிப் படிக்கிறது?"

அரசு நிறுவனம் என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. உங்கள் நூலகரிடம் பதிவு பற்றிக் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே உள்ள "எல்லாப் பதிப்புகளும்" என்ற இணைப்பைத் தட்டுங்கள், ஆசிரியரே தன் நிறுவனத் தளத்தில் ஏற்றிய பிரதி பல நேரம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

"சாம்பிள் 384 எடுத்திருக்கேன். டேபிள்படி கரெக்ட்தானே?"

கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970ல் வெளியிட்ட அட்டவணையைத்தான் சொல்கிறீர்கள். மொத்தம் ஆயிரம் பேர் என்றால் 278, பத்து லட்சம் பேர் என்றால் 384. எண் சரிதான், ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள நிபந்தனையை யாரும் படிப்பதில்லை. மொத்தப் பேரின் பட்டியலும் கையில் இருந்து, அதில் குலுக்கல் முறையில் ஆள் எடுத்து, ஒரு விகிதத்தை ஐந்து சதவீதப் பிழைக்குள் கணிக்க வேண்டும் என்றால் மட்டுமே அந்தக் கணக்கு. நீங்கள் செய்தது கூகுள் ஃபார்மைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பி, அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பியது. அதற்கு 384 என்பது எந்தப் பாதுகாப்பும் தராது.

தவிர, பெரும்பாலான நிர்வாகவியல் ஆய்வுகள் விகிதத்தைக் கணிப்பதில்லை, இரண்டு மூன்று மாறிகளுக்கு இடையே உள்ள தொடர்பைச் சோதிக்கின்றன. அதற்குப் புள்ளியியல் திறன் கணக்குதான் பொருத்தம். ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம். எதிர்பார்க்கும் விளைவின் அளவு, மாறிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொடுத்தால் குறைந்தபட்சம் எத்தனை பேர் தேவை என்று சொல்லிவிடும். 150 பேர் போதும் என்று வந்தாலும் வரலாம்.

ரிவ்யூவர் எத்தனை பேர் என்று கேட்பதைவிட யார் அவர்கள் என்று அதிகம் கேட்பார். எந்தக் கம்பெனிகள், அங்கே எப்படி அனுமதி கிடைத்தது, எத்தனை பேருக்குக் கொடுத்து எத்தனை பேர் திருப்பித் தந்தார்கள், தராதவர்கள் எப்படிப்பட்டவர்கள், எந்த மாதத்தில் எடுத்தது. இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுங்கள். வசதி கருதி எடுத்த மாதிரி (சாம்பிள்) என்றால் அப்படியே சொல்லுங்கள். அதை மூடி மறைத்து "சீரற்ற மாதிரி" என்று எழுதினால் அனுபவமுள்ள ரிவ்யூவருக்கு இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

"கேள்வித்தாளைத் தமிழ்ல மாத்தித்தான் தொழிலாளர்கள்கிட்ட கேட்டேன். அதைப் பேப்பர்ல எழுதணுமா?"

கண்டிப்பாக எழுதுங்கள். அது உங்கள் ஆய்வின் பலம். பலர் ஆங்கில அளவுகோலை அச்சடித்துக்கொண்டு போய், ஆலை வாசலில் வாய்மொழியாகத் தமிழில் விளக்கிவிட்டு, கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக விளக்கியிருந்தால், அத்தனை பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொன்னார்கள் என்று எப்படிச் சொல்வது?

கேள்வித்தாளை மொழிபெயர்க்க ஆய்வாளர் பிரிஸ்லின் 1970ல் சொன்ன முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இரு மொழியும் தெரிந்த ஒருவர் தமிழில் எழுத வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருள் விலகிய வரிகளைத் திருத்த வேண்டும். பிறகு உங்கள் மாதிரியில் சேராத சில தொழிலாளர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்ததும் என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். ஏழு படி விடைகளில் நடுவில் உள்ள மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அவர்கள் சொன்னால் ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுவதும் கட்டுரையில் நான்கைந்து வாக்கியங்களில் அடங்கிவிடும், ஆனால் ரிவ்யூவருக்கு உங்கள் மேல் வரும் நம்பிக்கை அதிகம்.

"ஆல்ஃபா 0.8 வந்துச்சு, ஆறு ஹைப்பாதிசிஸும் சப்போர்ட் ஆச்சு. அப்புறமும் ஏன் ரிஜெக்ட்?"

கிரான்பாக் ஆல்ஃபா கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைச் சொல்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அளக்க நினைத்ததைத்தான் அளந்தீர்களா என்பது வேறு. அதற்கு 1981ல் ஃபோர்னல், லார்க்கர் தந்த சோதனையும், 2015ல் வந்த எச்டிஎம்டி விகிதமும் கேட்பார்கள். எல்லா விடையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே தாளில் வாங்கியிருந்தால் அந்த முறையே தொடர்பை ஊதிக் காட்டியிருக்கலாம் என்ற சந்தேகமும் வரும். ஹார்மன் ஒற்றைக் காரணிச் சோதனையை மட்டும் போட்டுவிட்டு நகர்வது இப்போது ஏற்கப்படுவதில்லை. ஊழியரிடம் ஒரு பகுதி, மேலாளரிடம் ஒரு பகுதி என்று தரவு எடுக்கும் கட்டத்திலேயே பிரித்துவிடுவதுதான் நல்ல தீர்வு.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. பயிற்சி கொடுத்தால் திறன் கூடும், திருப்தி இருந்தால் விசுவாசம் கூடும் என்பதெல்லாம் யாரும் மறுக்காத விஷயம். ஆறும் நிரூபணமானதில் புதிதாகத் தெரிந்தது என்ன? எந்த இடத்தில் அது பொய்க்கிறது, யாருக்குப் பொருந்தவில்லை என்று காட்டினால் அது கட்டுரை. நிரூபணமாகாத ஹைப்பாதிசிஸை (கருதுகோளை) மறைக்காதீர்கள். பல நேரம் உங்கள் கட்டுரையின் உயிர் அதில்தான் இருக்கும்.

"இன்ட்ரொடக்ஷன் எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல மேடம்."

"இன்றைய போட்டி நிறைந்த உலகில் மனித வளமே ஒரு நிறுவனத்தின் முதன்மைச் சொத்து." இப்படித்தான் பலர் தொடங்குகிறார்கள். இந்த வரியை எந்தக் கட்டுரையின் தலையிலும் வைக்கலாம், எதையும் சொல்லாது. இதையே, "அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் கூலி உயர்த்தியும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் விலகுவது நிற்கவில்லை, விலகலுக்குக் கூலியே முதன்மைக் காரணம் என்று கொள்ளும் ஆய்வுகளால் இதை விளக்க முடியவில்லை" என்று தொடங்கினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். இடம் தெரிகிறது, புதிர் தெரிகிறது, யாரோடு பேசுகிறீர்கள் என்பதும் தெரிகிறது.

அதன்பின் இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள், எது விடுபட்டிருக்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன கிடைத்தது. "இந்தியாவில் இதுவரை யாரும் செய்யவில்லை" என்பது மட்டும் காரணமாகாது. இந்தியாவில் செய்தால் ஏன் வேறு விடை வரக்கூடும் என்று சொல்ல வேண்டும். சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். எமரால்டு பதிப்பகத்தின் இதழ்கள் நோக்கம், முறை, கண்டுபிடிப்பு, புதுமை என்று தலைப்புப் பிரித்துக் கேட்கும். 250 சொல்லுக்குள் நிறுத்த வேண்டும்.

"எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. தமிழ் மீடியத்துல படிச்சவன். அதனாலதான் ரிஜெக்ட் ஆகுதா?"

பெரும்பாலும் இல்லை. யோசனை தெளிவாக இருந்தால் சின்ன இலக்கணப் பிழைகளை எடிட்டர்கள் பொறுத்துக்கொள்வார்கள். யோசனை குழம்பியிருந்தால் நல்ல ஆங்கிலமும் காப்பாற்றாது. என்னிடம் வருகிறவர்களிடம் நான் சொல்வது, மேலே சொன்ன ஒரு வாக்கியத்தையும் ஒவ்வொரு பத்தியின் சாரத்தையும் முதலில் தமிழில் எழுதுங்கள் என்பதுதான். உங்கள் துறை தெரியாத அக்காவோ மாமாவோ படித்துப் புரிந்தால் வாதம் நிற்கிறது என்று பொருள். பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். நீண்ட வாக்கியம் எழுதினால்தான் ஆராய்ச்சி என்று யாரோ தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"சாட்ஜிபிடில போட்டு மொழியைச் சரி பண்ணிக்கலாமா?"

இதழின் விதியை முதலில் பாருங்கள். மொழி திருத்தத்துக்குப் பலர் அனுமதிக்கிறார்கள், ஆனால் பயன்படுத்தியதைச் சொல்லச் சொல்கிறார்கள். பதிப்பு நெறிகளுக்கான கோப் அமைப்பு 2023லேயே செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. எழுதியதற்கான பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

மேற்கோள்களை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் போட்டுத் தரும். ஒவ்வொரு மேற்கோளையும் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர இணைய அடையாளம்) சொடுக்கிச் சரிபாருங்கள். நீங்கள் திறந்து படிக்காத எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது.

"சிமிலாரிட்டி 14 வருது. 10க்குக் கீழ கொண்டுவர வார்த்தைகளை மாத்திட்டா போதுமா?"

சிமிலாரிட்டி என்பது உங்கள் எழுத்து மற்றவர்களின் எழுத்தோடு ஒத்துப்போகும் சதவீதம். கருத்துத் திருட்டு பற்றிய 2018ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறையில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40, 40 முதல் 60, 60க்கு மேல் என்று படிப்படியாகக் கடுமை கூடும். 60க்கு மேல் போனால் மாணவரின் பதிவே ரத்து. மேற்கோள் பட்டியல், முறையாகக் காட்டிய மேற்கோள்கள், பொதுவான சொற்றொடர்கள், தொடர்ச்சியாகப் 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போவது ஆகியவை கணக்கில் வராது. முதலில் அந்த விலக்குகளைப் போட்டு மென்பொருளில் மறுபடி ஓட்டுங்கள்.

பிறகு எண்ணை விட்டுவிட்டு வண்ணமிட்ட வரிகளைப் பாருங்கள். மூன்று சதவீதம் வந்தாலும் அது முழுவதும் ஒருவரின் விவாதப் பத்தி என்றால் அது திருட்டுத்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல் போட்டு மென்பொருளை ஏமாற்றினாலும் கருத்து இன்னொருவருடையதே. மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் வார்த்தையில் எழுதி, ஆண்டோடு பெயரைக் காட்டுங்கள்.

"எச்ஓடி பேரையும் போடணும்னு சொல்றாங்க. போடாம இருக்க முடியுமா?"

கஷ்டமான கேள்வி, உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. விதி என்னவோ தெளிவு. ஆய்வில் அறிவார்ந்த பங்கும், வெளியாவதற்கு ஒப்புதலும், தவறு வந்தால் பதில் சொல்லும் பொறுப்பும் உள்ளவரே ஆசிரியர். பதவிக்காகப் பெயர் சேர்ப்பது நெறியல்ல. நேரடியாக மறுக்க முடியாத இடத்தில் கிரெடிட் முறை உதவும். கருத்து, தரவு, பகுப்பாய்வு, எழுத்து என்று 14 பங்குகளைப் பிரித்து, யார் எதைச் செய்தார் என்று இதழே கேட்கும். எழுதத் தொடங்கும் முன்பே அந்தப் படிவத்தை வைத்து கைடு முன்னிலையில் பேசிவிடுங்கள். "இதழ் கேட்கிறது, உங்களுக்கு எந்தப் பங்கைப் போடட்டும் சார்?" என்று மரியாதையாகக் கேட்டாலே பல இடங்களில் விஷயம் முடிந்துவிடும். அனுமதி வாங்கித் தந்ததற்கு நன்றியுரையில் பெயர் போடலாம்.

"பிளைண்ட் காப்பின்னா பேரை எடுத்துட்டா போதும்தானே?"

போதாது. எழுதியவர் யார் என்று ரிவ்யூவருக்குத் தெரியாதபடி அனுப்பும் பிரதி அது. பெயர், கல்லூரி, நன்றியுரை, நிதி விவரம் எல்லாம் தனித் தலைப்புப் பக்கத்துக்குப் போக வேண்டும். "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று எழுதியிருந்தால் மாற்றுங்கள். வேர்டு கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் இருக்கும், அதையும் அழியுங்கள். தரவு எடுத்த கம்பெனியின் பெயர் உங்களைக் காட்டிக்கொடுக்குமா என்றும் பாருங்கள்.

"ஒரே நேரத்துல ரெண்டு ஜர்னலுக்கு அனுப்பி, எது முதல்ல வருதோ அதை எடுத்துக்கலாமா?"

கூடாது. அனுப்பும்போது வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்று நீங்களே உறுதி தருகிறீர்கள். இரண்டு இதழும் ஒரே ரிவ்யூவரிடம் கொடுப்பது அபூர்வமல்ல; சின்னத் துறை இது.

"நாலு மாசமா 'அண்டர் ரிவ்யூ'ன்னே காட்டுது. மெயில் போட்டா கோவிச்சுப்பாங்களா?"

கோபிக்க மாட்டார்கள். ரிவ்யூவர்கள் சம்பளம் இல்லாமல் படிக்கிறவர்கள், ஒப்புக்கொள்ள ஆள் கிடைப்பதே சிரமம். இதழ் தன் தளத்தில் சராசரிக் காலம் போட்டிருந்தால் அது கடந்த பிறகு, கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு மூன்று வரி எழுதுங்கள். சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் கொடுக்கும் சுருக்கம்) தேதி நெருங்குகிறது என்று எடிட்டரை அவசரப்படுத்துவது பயன் தராது. தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒரு வருடத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

"அனுப்பின அஞ்சாவது நாளே ரிஜெக்ட். படிச்சே பார்க்கலையோ?"

எடிட்டர் பார்த்திருப்பார். ரிவ்யூவுக்கு அனுப்பாமல் அவரே திருப்புவதுதான் டெஸ்க் ரிஜெக்ட். பொருள் இதழுக்குச் சேரவில்லை, வடிவ விதி மீறல், புதிதாக என்ன என்று தெரியவில்லை ஆகியவையே வழக்கமான காரணங்கள். மாதக்கணக்கில் காத்திருந்து அதே பதிலை வாங்குவதைவிட இது நல்லது. இதழ் தேர்வு பற்றிய பதிலையும் இன்ட்ரொடக்ஷன் பற்றிய பதிலையும் மறுபடி பார்த்து, அடுத்த இதழுக்குத் தக்கபடி திருத்தி அனுப்புங்கள். திருத்தாமல் அப்படியே அனுப்பினால் அங்கேயும் ஐந்து நாள்தான்.

"மேஜர் ரிவிஷன் வந்திருக்கு. ஒருத்தர் குறைங்கறார், இன்னொருத்தர் கூட்டுங்கறார். யார் சொல்றதைக் கேக்குறது?"

முதலில் மகிழ்ச்சி அடையுங்கள். மேஜர் ரிவிஷன் என்றால் பெரிய திருத்தம் கேட்கிறார்கள், கதவு திறந்திருக்கிறது. மனம் தளர்ந்து இதோடு விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்பதில்லை. ஒரு வாரம் தள்ளி வையுங்கள், கோபம் அடங்கட்டும். பிறகு எடிட்டரின் கடிதத்தைப் படியுங்கள். ரிவ்யூவர்கள் முரண்படும்போது அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது அதில் இருக்கும். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு முடிவெடுத்து, காரணத்தை இருவருக்கும் சொல்லுங்கள்.

பதில் கடிதம் கட்டுரைக்குச் சமமான வேலை. ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே உங்கள் பதில், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றம், மாற்றிய வாக்கியம் என்ன என்று எழுதுங்கள். "திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதுவது பதில் ஆகாது. "மாதிரித் தேர்வு தெளிவாக இல்லை என்று சுட்டியதற்கு நன்றி. பக்கம் 9ல் நிறுவனங்களைத் தேர்ந்த விதத்தையும், மறுமொழி தராதவர்களின் விவரத்தையும் சேர்த்திருக்கிறோம். இரண்டாம் கட்டத் தரவு எடுக்க இயலவில்லை, அந்த வரம்பைப் பக்கம் 21ல் கூறியிருக்கிறோம்" என்பது பதில். ஒரு கருத்தை ஏற்க முடியாவிட்டால் மறுக்கலாம். மரியாதையோடும் ஆதாரத்தோடும் மறுத்த ஆசிரியரை எடிட்டர்கள் மதிக்கிறார்கள். எதற்கும் பதில் சொல்லாமல் நழுவுவதைத்தான் மன்னிப்பதில்லை.

"ரிவ்யூவர் அஞ்சு பேப்பர் சைட் பண்ணச் சொல்றார். அஞ்சுலயும் ஒரே பேரு இருக்கு."

படித்துப் பாருங்கள். உண்மையிலேயே உங்கள் வாதத்துக்குப் பொருந்துவதை மேற்கோளாகச் சேருங்கள். பொருந்தாததை ஏன் சேர்க்கவில்லை என்று பதில் கடிதத்தில் அமைதியாக ஒரு வரி எழுதுங்கள். எல்லாமே வற்புறுத்தலாகத் தெரிந்தால் எடிட்டருக்குத் தனியாக எழுதலாம். ரிவ்யூவர் அப்படி வற்புறுத்துவதை நெறிமீறலாகவே கோப் கருதுகிறது, நீங்கள் எழுதுவதால் உங்கள் கட்டுரைக்குப் பாதகம் வராது.

"தெரியாம ஒரு ஃபேக் ஜர்னலுக்கு அனுப்பிட்டேன். வாபஸ் வாங்க பணம் கேட்டு மிரட்டுறாங்க."

பணம் கட்டாதீர்கள், கட்டினால் மறுபடியும் கேட்பார்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை என்றால் உங்கள் உரிமை உங்களிடமே இருக்கிறது. "இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட என் சம்மதம் இல்லை" என்று தேதியோடு மின்னஞ்சல் அனுப்பி, எல்லாக் கடிதங்களையும் சேமித்து, கைடிடம் உடனே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம், நல்ல பேராசிரியர்களே ஏமாந்திருக்கிறார்கள். வேறு இதழுக்கு அனுப்பும்போது நடந்ததை எடிட்டருக்கான கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர்கள் ஏற்கெனவே வெளியிட்டுவிட்டார்கள் என்றால், அதே கட்டுரையை இன்னொரு இடத்துக்கு அனுப்பும் முன் அந்த எடிட்டரின் கருத்தைக் கேளுங்கள்.

"என் பேப்பர் வந்தப்ப ஸ்கோபஸ்ல இருந்த ஜர்னலை அப்புறம் எடுத்துட்டாங்க. என் பேப்பர் செல்லுமா?"

சேர்ப்பதை நிறுத்தினால், அதுவரை ஏறிய கட்டுரைகள் பெரும்பாலும் ஸ்கோபஸில் அப்படியே இருக்கும். உங்கள் கட்டுரையின் தலைப்பைத் தேடி அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளியான தேதிக்கும் நிறுத்திய தேதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால்தான் சிக்கல். அப்போது முடிவெடுப்பது பல்கலைக்கழகம். அனுப்பிய அன்றும், ஏற்றுக்கொண்ட அன்றும், வெளியான அன்றும் இதழின் ஸ்கோபஸ் பக்கத்தைத் தேதி தெரியும்படி பிடிஎஃப் எடுத்து வையுங்கள். ஆய்வு மையத்தில் விளக்கம் கேட்டால் அந்த மூன்று தாள்களையும் கைடின் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.